மைனஸ் பதினொரு வயது

போன வாரம் கவிதா போனில் கூப்பிட்டாள். சேலத்தில் நான் முப்பத்தேழு வருடம் குப்பை கொட்டிய கண் ஆஸ்பத்திரியில், பதிவேட்டுப் பிரிவில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். நல்ல பெண். ஏதாவது கோளாறு என்றால் மட்டும் என் நினைவு வரும்.

"அக்கா, பழைய கார்டையெல்லாம் டைப் பண்ணி ஸ்ப்ரெட்ஷீட்ல ஏத்துறோமுங்க. அதுல ஒருத்தரு பொறந்த வருசம் இருபத்தெட்டுன்னு கெடக்குது. ஏத்துனா ரெண்டாயிரத்து இருபத்தெட்டுன்னு காட்டுதுங்க. அவரு இன்னும் பொறக்கவே இல்லீங்களாமா. என்னக்கா பண்றது?"

"அவருக்குப் பொறை எடுத்தாச்சா, பாரு" என்றேன். கண்புரையை எங்கள் பக்கம் பொறை என்பார்கள்.

"எடுத்தாச்சுங்க. ரெண்டு கண்ணும்."

"அப்ப சரி. பொறக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு கண்ணும் தெரிஞ்சவரு. குடுத்து வெச்சவரு."

அவள் சிரித்தாள். ஆண்டை நான்கு இலக்கமாகப் போட்டுவிட்டு அப்புறம் ஏற்றச் சொன்னேன். "ஏனுங்க்கா, இந்த நாலு எலக்கத்துக்கு மட்டும் இப்படி அடம் புடிக்கிறீங்க?" என்று கேட்டாள். செங்கோடன் கதையை எடுத்துவிட்டேன். பாதிவரை சொன்னேன். மீதிப் பாதிக்கு அவளுக்கும் நேரமில்லை, எனக்கும் தைரியமில்லை. இங்கே முழுவதையும் எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன்.

நான் ராசிபுரத்துக்காரி. எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் இரண்டு மொழியிலும் ஹையர். எழுபத்திரண்டில் வேலைக்குச் சேர்ந்தபோது பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. முதல் நாள் ஒரு பேனாவையும் ஒரு கட்டு கார்டையும் கையில் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் நான் அனுபவசாலி ஆகிவிட்டேன்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் சபாபதி சார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஆறங்குல மர ஸ்கேல், காதில் பென்சில். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. உயர்த்தினால் தேவலாமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன். கார்டில் தப்பு கண்டால் ஸ்கேலை வைத்து அதன் அடியில் மெல்லிய கோடு ஒன்று போடுவார். பிறகு கார்டை நம் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்ப்பார். நாமாகத் தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை அந்த மரத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். கால் மணி நேரம் ஆனாலும் சரி. அந்த வேப்பமரத்தில் எத்தனை கிளை என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அவருக்கு ஒரே ஒரு வேதவாக்கு உண்டு. "தெரிஞ்சத எழுதாதம்மா."

ஆண் பெயர் எழுதியிருந்தால் 'ஆண்' என்று எழுதக் கூடாது. ஊர் மேச்சேரி என்றால் 'சேலம் மாவட்டம்' எழுதக் கூடாது. எங்கள் கார்டில் 'பிறந்த ஆண்டு' என்ற இடத்தில் 19 என்று முன்னாலேயே அச்சடித்துப் பக்கத்தில் கோடு விட்டிருந்தார்கள். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் வந்தால் நாங்கள் அந்தப் பத்தொன்பதை அடித்துவிட்டு, மேலே பதினெட்டு என்று எழுதுவோம். அந்த அடித்தல் திருத்தல் அவர் கண்ணை உறுத்தியது. எழுபத்தைந்திலோ எழுபத்தாறிலோ புதுக் கார்டு அடிக்கக் கொடுத்தபோது பத்தொன்பதையே தூக்கிவிட்டார். வெறும் இரண்டு கட்டம். 'நூற்றாண்டு எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்பது அவர் கட்சி. ஒரு நூற்றாண்டையே அச்சுக்கூலியில் மிச்சம் பிடித்த மனிதரை நீங்கள் வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

அப்போது அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார்டில் 92 என்று இருக்கும், எதிரில் கூன் விழுந்த கிழவர் நிற்பார். தொண்ணூற்றிரண்டு என்றால் எந்தத் தொண்ணூற்றிரண்டு என்று யாருக்கும் சந்தேகம் வராது. கண் இருக்கிற குமாஸ்தா ஒருத்தி நடுவில் உட்கார்ந்திருக்கும்வரை எல்லாம் சரியாகவே நடந்தது.

ஊர் ஊராகப் போய் நாங்கள் நடத்தும் இலவசக் கண் முகாமில் பிறந்த வருடம் கேட்பது தனிக் கலை. எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் போய் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் என்று கேட்டால் அது ஏதோ நிலத்தின் சர்வே நம்பர் என்று நினைப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பஞ்சாங்க வருடம். 'நான் பிரபவ', 'எங்கண்ணன் யுவ' என்று பளிச்சென்று சொல்வார்கள். ஆனால் தமிழ் வருடம் அறுபதுதான். அறுபது முடிந்தால் மறுபடி முதலிலிருந்து அதே பெயர்கள். இதற்காகச் சபாபதி சார் தம் கைப்பட ஓர் அட்டை எழுதிக் கொடுத்திருந்தார். அறுபது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு எண்கள். விளம்பி என்றால் 98, 58. இரண்டில் எது? அட்டையின் கீழே அதற்கும் விதி எழுதியிருந்தார்: 'முகத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளவும்.'

அவர் எழுதிய விதிகளிலேயே உருப்படியானது அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

எண்பத்தேழு தை மாதம் ஆஸ்பத்திரிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் தானமாகக் கொடுத்தது. அதற்கென்று ஒரு அறை, அறைக்கு ஏ.சி., வாசலில் செருப்பு விட ஒரு பலகை. நோயாளிகள் வெயிலில் வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். இயந்திரத்துக்கு வியர்க்கக் கூடாதல்லவா. மூன்று மாத வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரியிலேயே ஸ்ப்ரெட்ஷீட் தெரிந்த ஒரே ஆள் நான். நடையே கொஞ்சம் மாறிவிட்டது என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்களாம். மாறித்தான் இருந்தது.

வேலைமுறை இப்படி. முகாமில் டாக்டர்கள் கண்ணைப் பார்த்து 'ஆபரேஷன் தேவை' என்று கார்டில் எழுதுவார்கள். அந்தக் கார்டுகளைக் கட்டி டவுனில் டைப் அடித்துக் கொடுக்கும் ஓர் இடத்துக்கு அனுப்புவோம். அவர்கள் ஃபிளாப்பியில் போட்டுத் தருவார்கள். நான் அதை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றி, வயதைக் கணக்கிட்டு, மூத்தவர் முதலில் வரும்படி வரிசைப்படுத்தி அச்சடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் முகாம் நோயாளிகளுக்கு நாற்பது படுக்கை. மேலேயிருந்து நாற்பது பெயரை எடுத்து அவர்களுக்கு பஸ் அனுப்புவோம். வயதானவர்களுக்கு முதலிடம் என்பது நல்ல நோக்கம். நல்ல நோக்கத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் என்றைக்கும் பஞ்சமில்லை.

வயதைக் கணக்கிடும் வாய்பாட்டை எழுதியவள் நான்தான். எண்பத்தேழிலிருந்து பிறந்த ஆண்டைக் கழி. அவ்வளவுதான். இருபத்தேழில் பிறந்தவருக்கு அறுபது வயது. பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனேன். கையால் ஒருநாள் முழுக்கச் செய்த வேலை மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டதே என்று.

முதல் லிஸ்டிலேயே கடைசியில் சில பெயர்களுக்கு வயதுக்கு முன்னால் ஒரு சிறிய கோடு விழுந்திருந்தது. சபாபதி சார் ஸ்கேலை வைத்துப் பார்த்தார்.

"இது என்னாம்மா?"

"மைனஸ் சார். பூஜ்யத்துக்குக் கீழே."

"அப்படின்னா இவங்க இன்னும் பொறக்கலியா?"

"கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுது சார். டைப் அடிச்சதுல தப்பு இருக்கும்."

டைப் அடித்ததில் தப்பு. எவ்வளவு சுலபமாகச் சொன்னேன், பாருங்கள். எழுந்து போய்க் கட்டைப் பிரித்து ஒரே ஒரு கார்டைப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு அடுத்த முகாமின் ஃபிளாப்பி வந்திருந்தது.

"பிழைக் கழிவுன்னு தனியா கட்டி வெச்சுடு" என்றார் அவர். சிவப்பு நாடா போட்டுக் கட்டி பீரோவில் வைத்தேன். அது மேச்சேரி முகாம். அடுத்து ராசிபுரம், என் சொந்த ஊர். அங்கேயும் ஒரு சிவப்பு நாடாக் கட்டு. ராசிபுரத்து நெய்க்கும் பட்டுக்கும் பெயர் கேட்டிருப்பீர்கள்; பிறக்காத கிழவர்களுக்கும் அது பெயர் பெற்றது என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

மூன்றாவது, சேந்தமங்கலம். புரட்டாசி மாதம் கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தது. கார்டு எழுத நானே போயிருந்தேன். செங்கோடனை அங்கேதான் முதலில் பார்த்தேன். ஒல்லியாக, நிமிர்ந்து, கையில் ஒரு மூங்கில் தடி. இரண்டு கண்ணிலும் பொறை முற்றி வெள்ளையாக இருந்தது. அவர் தோளைப் பிடித்து நடத்தி வந்தவள் மகள் நாச்சம்மாள். அவளுக்கும் வலது கண்ணில் பொறை. பார்வை இல்லாதவரை அரைப் பார்வைக்காரி நடத்திக்கொண்டு வந்தாள்.

"பெரியவரே, நீங்க பொறந்தது என்ன வருசமுங்க?"

"விளம்பிங்க சாமி. விளம்பி, ஆடி மாசமுங்க."

அட்டையைப் பார்த்தேன். 98, 58. முகத்தைப் பார்த்தேன். விதிப்படி 98 என்று எழுதினேன். நாச்சம்மாள் பிரபவ. 27 என்று எழுதினேன்.

"போன பிரபவயில இவ பொறந்தா. இப்ப மறுக்கா பிரபவ வந்துருச்சுங்க. ஒரு சுத்து முடிஞ்சே போச்சு" என்றார் பெரியவர். "இவ மூஞ்சியப் பாத்து ஏழெட்டு வருசமாச்சுங்க அம்மிணி. கொரல வெச்சு இப்படித்தான் இருப்பாளாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கறேன். ஒருக்காப் பாத்துப்போட்டனா போதுமுங்க."

பார்த்துவிடலாம் என்று நானே வாக்குக் கொடுத்தேன். டாக்டரும் கார்டில் 'இரு கண், அவசரம்' என்று எழுதினார்.

பத்து நாள் கழித்து பஸ்ஸோடு லிஸ்டை எடுத்துக்கொண்டு போனதும் நான்தான். லிஸ்டை அச்சடித்த அன்று வழக்கம்போலச் சில மைனஸ் பெயர்கள் அடியில் விழுந்தன. எண்ணிக்கை பதினொன்று. வழக்கம்போலச் சபாபதி சார் கோடு போட்டார். வழக்கம்போல நான் சிவப்பு நாடா கட்டினேன். பெயரைப் படிக்கவில்லை. பழகிப்போன தப்பைவிடச் சௌகரியமான வேலை உலகத்தில் கிடையாது.

பள்ளிக்கூட மைதானத்தில் பெயர் கூப்பிட்டேன். நாச்சம்மாள் பெயர் வந்தது, வயது அறுபது. அவள் வரவில்லை. நாற்பது பெயரும் முடிந்தது. முப்பத்தெட்டுப் பேர் ஏறிவிட்டார்கள். ஒருவர் மட்டும் பேத்தி கல்யாணத்துக்குப் போய்விட்டதாகச் சேதி வந்திருந்தது. நாச்சம்மாள் தகப்பனின் கையைப் பிடித்தபடி பஸ் படியருகே நின்றாள்.

"எங்கய்யன் பேரு கூப்புடலீங்களே."

அந்த நாற்பது பெயரில் இரண்டு தடவை தேடினேன். இல்லை. "பெரியவர் பேரு லிஸ்டுல வரலீங்க. அடுத்த முகாமுல பாத்துக்கலாம். நீங்க ஏறுங்க" என்றேன்.

"அடுத்த முகாமு எப்பங்க?"

"அடுத்த வருசம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு கண்ணால்தான். அதுவே தாங்க முடியவில்லை. "தொண்ணூறு வயசுக் கெழவன அடுத்த வருசம் வரச் சொல்றீங்க. அறுவது வயசுக்காரிய இன்னைக்கு ஏறச் சொல்றீங்க. நல்லா இருக்குதுங்க உங்க நாயம். எங்கய்யனுக்கு இல்லாத கண்ணு எனக்கெதுக்குங்க? நான் வாரதில்லீங்க. போங்க."

"ஏ புள்ள, நீ போயிட்டு வா. ஒரு கண்ணாச்சும் ஊட்டுக்கு வேணுமல்லோ" என்றார் பெரியவர்.

"நீ சும்மா இரு" என்று அதட்டினாள். டிரைவர் முத்துசாமி ஹாரன் அடித்தார். அவருக்கு எங்கே போனாலும் சேலம் ரயில்வே கேட் மூடுவதற்குள் தாண்டிவிட வேண்டும். அது ஒன்றே அவர் வாழ்க்கை லட்சியம்.

அந்த முகாமின் கார்டுக் கட்டுகள் என்னிடம் பையில் இருந்தன. சிவப்பு நாடாவை அங்கேயே அவிழ்த்தேன். மேலேயே இருந்தது: செங்கோடன், 98. லிஸ்டின் கடைசிப் பக்கத்தில், கோடு போட்டு அடித்த பெயர்களில், அவருக்கு நேரே மைனஸ் பதினொன்று. அடியில் இருந்த மற்ற பத்துக் கார்டையும் புரட்டினேன். 96. 93. 99. எல்லாமே என் கையெழுத்து. எல்லாரையும் முகத்தைப் பார்த்துத்தான் எழுதியிருந்தேன். டைப் அடித்ததில் ஒரு தப்பும் இல்லை.

"அஞ்சு நிமிசமுங்க" என்று முத்துசாமியிடம் சொல்லிவிட்டுத் தபாலாபீசுக்கு ஓடினேன். சேலத்துக்கு டிரங்க் கால் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தமிழ்நாட்டில் அன்றைய ஐந்து நிமிடம் அவ்வளவுதான்.

சபாபதி சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் அவர் வேப்பமரத்தைப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"வருஷம் என்னா சொன்னாரு?"

"விளம்பி சார்."

"அட்டையில விளம்பிக்கு ரெண்டு நம்பர் இருக்கு. தொண்ணூத்தெட்ட கம்ப்யூட்டர் ஒத்துக்கல. அப்ப அம்பத்தெட்டுதான் சரி. வயசு இருபத்தொம்போது."

"சார், அவருக்குத் தொண்ணூறு வயசு. நேருல நிக்கிறாரு சார்."

"முப்பது வயசுக்குள்ள பொறை வந்தா அது சாதாரணப் பொறை இல்லம்மா. முகாம் லிஸ்டுல சேக்கக் கூடாது. தனியா பரிசோதனை பண்ணணும். மெட்ராசுக்கு எழுதிப் போடலாம்."

"அவரு மக லிஸ்டுல இருக்குது சார். அந்தம்மாவுக்கு அறுவது வயசு. அப்பனுக்கு இருபத்தொம்போதா?"

"லிஸ்டுல உறவுமுறைக்குக் கட்டம் கெடையாதும்மா" என்றார். அமைதியாகத்தான் சொன்னார். அந்த மனிதர் கிண்டல் செய்தே நான் கேட்டதில்லை. மனமார அதை நம்பித்தான் சொன்னார்.

"சார், முகத்தப் பாத்து எடுத்துக்கச் சொன்னது நீங்கதான்."

"போன்ல முகம் தெரியாதேம்மா" என்றார். லைன் அறுந்துவிட்டது. அறுந்ததா, அவர் வைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது வழியெல்லாம் யோசித்தேன். அவரை நேரில் பார்த்தால் எந்த டாக்டரும் ஒரு நொடியில் வயதைச் சொல்லிவிடுவார். ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்க்க வேண்டுமென்றால் படுக்கை வேண்டும். படுக்கைக்கு லிஸ்ட் வேண்டும். லிஸ்டுக்கு அவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்திலாவது பிறந்திருக்க வேண்டும். பெரியவர் செய்த தப்பு அது ஒன்றுதான், இரண்டு வருடம் அவசரப்பட்டுப் பிறந்துவிட்டார்.

பஸ் போனெட்டின் மேல் கார்டை வைத்து 98-ஐ அடித்துவிட்டு 00 என்று எழுதினேன். அச்சடித்த லிஸ்டின் அடியில், கல்யாணத்துக்குப் போனவரின் இடத்தில், பேனாவால் சேர்த்தேன்: செங்கோடன், 00, வயது 87. பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். கம்ப்யூட்டர் லிஸ்டில் பேனா வைப்பது எங்கள் ஆபீசில் சாமி குத்தம்.

"ஏறுங்க பெரியவரே. உங்களுக்கு இப்ப வயசு எண்பத்தேழு. யாரு கேட்டாலும் அதையே சொல்லுங்க."

"ரெண்டு வருசத்த என்ன பண்ணுனீங்க அம்மிணி?"

"ஆஸ்பத்திரிக்குத் தானமா எழுதிக்கிட்டோமுங்க."

"எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க" என்று தாராளமாகச் சொல்லிவிட்டுப் படியேறினார். போகும்போது போனில் நடந்ததைச் சொன்னேன். இருபத்தொன்பது என்றதும் பல்லில்லாத வாயால் வெகுநேரம் சிரித்தார். "தப்பில்லீங்க. இருபத்தொம்பதுலதான் இவ பொறந்தா. உங்க ஆபீசரு சரியாத்தான் சொல்லியிருக்காரு, அறுவது வருசம் பிந்திப்போச்சு, அவ்வளவுதான்."

மறுநாள் சபாபதி சார் லிஸ்டைப் பார்த்தார். என் கையெழுத்தின் அடியில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு என் பக்கம் திருப்பி வைத்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். பதினைந்து வருடத்தில் முதன்முறையாக நானும் அவரோடு சேர்ந்து வேப்பமரத்தைப் பார்த்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. கடைசியில் அவர்தான் பேசினார்.

"அவரு பொறந்தது தொள்ளாயிரத்துலயா?"

"இல்ல சார். பொய்தான் எழுதியிருக்கேன். நெஜத்த எழுதுனா கம்ப்யூட்டர் ஏத்துக்கல."

சிவப்பு நாடாக் கட்டுகள் மூன்றையும் எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். "இதுல இருக்கற எல்லாரும் இப்படித்தான் சார். ஒருத்தரும் பிழை இல்ல. எண்பத்தேழு வயசத் தாண்டுனவங்கள எல்லாம் பொறுக்கிப் பொறுக்கி வெளியே தள்ளியிருக்கோம். வாய்பாடு என்னுது."

"கட்டம் என்னுது" என்றார் அவர். அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. 'இனிமேல் ஆண்டுகளை நான்கு இலக்கத்தில் மட்டுமே எழுத வேண்டும்.' கீழே கையெழுத்து, அதன் கீழே தேதி. தேதியின் கடைசியில் 87 என்று போட்டிருந்தார். பழக்கம் என்ன லேசில் விடுமா?

செங்கோடனுக்குக் கட்டுப் பிரித்த அன்று நான் வார்டுக்குப் போயிருந்தேன். தடித்த கண்ணாடி ஒன்றைக் காதில் மாட்டிவிட்டார்கள். எதிர்க் கட்டிலில் ஒரு கண் கட்டோடு உட்கார்ந்திருந்த நாச்சம்மாளை வெகுநேரம் பார்த்தார். தலை முழுக்க நரைத்த மகளை.

"ஏ புள்ள, இத்தன கெழவியாயிட்டயா நீயி? சொல்லவே இல்லியே."

"சொன்னா என்ன பண்ணியிருப்பே?" என்று கேட்டுவிட்டு அவள் அழுதாள். கட்டு நனையக் கூடாது என்று நர்ஸ் வந்து திட்டினாள். நானும் ஒரு திட்டு வாங்கிக்கொண்டேன்.

கவிதாவிடம் இதுவரைதான் சொன்னேன். இருபத்தொன்பது வயது அப்பன், அறுபது வயது மகள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மீதி இதுதான். செங்கோடனைத் தவிர அந்த மூன்று கட்டிலும் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்காகப் படியில் நின்று சண்டை போட ஒரு நாச்சம்மாள் இல்லை. எல்லாருக்கும் தபால் கார்டு எழுதிப் போட்டோம். தபாலில் வந்த கார்டைப் படிக்கக் கண் வேண்டுமே என்பது பிறகுதான் உறைத்தது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே பஸ் ஏறினேன். முதல் ஞாயிறு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால், எனக்கு முன்னால் சபாபதி சார் நின்றிருந்தார். அதே வெள்ளைச் சட்டை, ஸ்கேல், பென்சில். "எனக்கும் மேச்சேரிப் பக்கம் ஒரு வேலை இருக்கும்மா" என்றார். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாது.

பதினான்கு பேரை அழைத்து வந்து ஆபரேஷன் செய்தோம். சிலர் 'இனி எதுக்குங்க' என்று மறுத்துவிட்டார்கள். சிலர் உயிரோடு இல்லை.

மேச்சேரியை அடுத்த ஒரு கிராமத்தில், ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. கார்டில் பிறந்த ஆண்டு 89, வருடம் விரோதி. என் லிஸ்டில் வயது மைனஸ் இரண்டு. எங்களைப் பார்த்ததும் மருமகள் இரண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"கண்ணாஸ்பத்திரியிலிருந்தா வாரீங்க? மாமன் போயி ஒரு மாசமாச்சுங்களே. பஸ்ஸு வரும், கூட்டிட்டுப் போவாங்கன்னு டாக்டரு சொன்னாருன்னு, ரோட்டுல ஹாரன் சத்தம் கேட்டாப் போதுமுங்க, எந்திரிச்சு வெள்ளை வேட்டியக் கட்டிக்குவாரு. லாரி போனாலும் கட்டிக்குவாரு. கடைசி வரைக்கும் அப்படித்தானுங்க."

சபாபதி சார் தண்ணீரைத் தொடவில்லை. என் கையிலிருந்த கார்டை வாங்கிக்கொண்டார். அங்கே ஜன்னலும் இல்லை, வேப்பமரமும் இல்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்தார். அந்த இரண்டு கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், நிதானமாக எழுதினார். பிறப்பு 1889. இறப்பு 1987. பதினைந்து வருடத்தில் அவர் கையால் நான்கு இலக்கம் எழுதி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.